"உடம்புக்கு என்ன?" என்ற கேள்வி நின்றுபோகும் நாள்

நம் ஊரில் ஒருவரைச் சில மாதம் கழித்துச் சந்தித்தால், அவர் வாய் திறப்பதற்குள் அவருடைய முகத்தைப் பற்றி நாம் பேசிவிடுகிறோம். "என்ன இப்படிக் கன்னம் ஒட்டிப் போச்சு? உடம்புக்கு என்ன?" என்று பேருந்து நிறுத்தத்திலும், கல்யாணப் பந்தியிலும், அலுவலக மாடிப்படியிலும் கேட்கிறோம். கேட்பவருக்கு அது அக்கறை. ஒரே நாளில் நான்கு பேருக்கு அதே கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருப்பவருக்கு அது என்னவாக இருக்கும் என்பதை, இரண்டு வேறுபட்ட இடங்களில் ஆலோசகராக வேலை பார்த்ததில் நான் அறிந்துகொண்டேன். முதல் இடம், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து சிகிச்சை வழங்கும் மையம். இப்போது இருப்பது ஒரு தோல் மருத்துவமனை. முகத்தில் ஃபில்லர் ஊசி (தோலுக்கு அடியில் ஒரு பொருளைச் செலுத்திப் பள்ளத்தை நிரப்பும் ஊசி) போட்டுக்கொள்ள வருபவர்களிடம் சிகிச்சைக்கு முன்பு உட்கார்ந்து பேசுவதும், பின்பு தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதும் இங்கே என் வேலை.

ஃபில்லர் போட்டுக்கொண்டவர்களுக்கு மனநிறைவு கிடைக்கிறதா என்று உறவினர்களும் தோழிகளும் என்னிடம் கேட்பதுண்டு. பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த நிறைவு எதில் இருக்கிறது, எந்த நாளில் கேட்டால் உண்மையான விடை வரும், யாருக்கு அது வராமலே போகிறது என்பவற்றைச் சொல்லாமல் "ஆம்" என்று மட்டும் சொல்வது பாதி விடைதான். அழகைத் தேடி வருகிறார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் வருபவர்களில் பலர், தாம் பேசுவதற்கு முன்பே தம் முகம் தம்மைப் பற்றி ஊருக்குப் பேசிவிடுவதை நிறுத்தத்தான் வருகிறார்கள்.

இதை நான் முதலில் கற்றது மருந்து மையத்தில். இந்தியாவில் அரசின் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை 2004 ஏப்ரல் 1 அன்று எட்டு மையங்களில் தொடங்கியது. தாம்பரம் அவற்றுள் ஒன்று. அன்றைய முதல்நிலை மருந்துகளில் ஸ்டாவுடின் முக்கியமானது. விலை குறைவு, ரத்தசோகை உள்ளவர்களுக்கும் கொடுக்க முடியும். அது எத்தனையோ பேரைப் படுக்கையிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பியது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆகவே அதை நன்றி இல்லாமல் பேச என்னால் முடியாது. ஆனால் நீண்ட காலம் எடுத்துக்கொண்டவர்களில் பலருக்கு அது கொழுப்புச் செல்களுக்குள் இருந்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிதைத்து, கன்னம், கை, கால் ஆகிய இடங்களில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கரைத்துவிட்டது. உடம்பில் எடை ஏறும், ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கும், பசி எடுக்கும்; ஆனால் கன்னம் மட்டும் உள்ளே போய், கன்ன எலும்பின் கீழ் இரண்டு குழிகள் விழுந்து, நெற்றிப்பொட்டுப் பக்கமும் வற்றிவிடும். மருந்தை மாற்றினாலும், போன கொழுப்பு மெதுவாகவும் அரைகுறையாகவுமே திரும்பியது. உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு 2009 இறுதியில் நாடுகளுக்கு அறிவுறுத்தியது. அதற்குள் அந்த முகத்தை எங்கள் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்கு ஆகியிருந்தது. பேருந்தில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்தால், தன்னையும் அவர் கண்டுகொண்டிருப்பார் என்று பயந்து அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டதாக ஒரு பெண் சொன்னார்.

மளிகை மண்டி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் மாதம் தவறாமல் வருவார். சி.டி.4 எண்ணிக்கை, அதாவது நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஏறியிருக்கிறது என்று நான் மகிழ்ச்சியாகச் சொன்ன நாளில், "ரத்தத்துல எல்லாம் நல்லாயிருக்குன்னு சொல்றீங்க மேடம். முகத்தப் பார்த்தா சாகப் போறவன் மாதிரி இருக்கேனே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். தாடி வளர்த்துப் பார்த்தார். தாடி அந்தக் குழியில் இறங்கி, குழியை இன்னும் ஆழமாகக் காட்டியது. மார்கழி முடிந்த பிறகும் மஃப்ளரைக் கழற்றவில்லை. வாக்காளர் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது இரு கன்னங்களுக்குள்ளும் பஞ்சு உருண்டையை அடக்கிக்கொண்டு நின்றதாகவும், பெயரைக் கேட்டபோது வாய் திறக்க முடியாமல் சீட்டில் எழுதிக் காட்டியதாகவும் அவரே சொன்னார். மூன்று ஆண்டுகள் அவருடைய மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்த எனக்கு, அவர் ஒரு மாதம் மருந்தை நிறுத்தியது ஏன் என்பது அன்றுதான் புரிந்தது.

அதே குழிக்கு வேறு நாடுகளில் ஊசி போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பாலி-எல்-லாக்டிக் அமிலம் என்ற பொருளை, எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிய கன்னத்துக்கென்றே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004 ஆகஸ்டில் ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் அனுமதித்தது. சாதாரண அழகு சிகிச்சைக்கு அதே பொருளுக்கு அனுமதி கிடைத்தது 2009இல்தான். நலமாக இருப்பவர்களின் சுருக்கத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், நோயாளிகளின் கன்னத்துக்கு அது சிகிச்சையாக வந்துவிட்டது என்பதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. லண்டனின் செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையில் 30 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனடியாகவும், மற்றொரு குழுவுக்குப் பன்னிரண்டு வாரம் கழித்தும் இந்த ஊசியைப் போட்டுப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. உடனே போட்டுக்கொண்டவர்கள் தம் முகத்தைப் பற்றித் தாமே இட்ட மதிப்பு உயர்ந்ததோடு, பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் கேள்விகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, எச்.ஐ.வி. மருந்தால் முகக் கொழுப்பு கரைந்து அதனால் மனச்சோர்வுக்கு உள்ளானவர்களுக்கு இந்த ஊசிக்கான செலவை ஏற்க முடிவு செய்தது. கன்னத்தை நிரப்புவது மருத்துவம்தான் என்று ஓர் அரசுக் காப்பீடு எழுத்தில் ஒப்புக்கொண்ட அந்த முடிவைப் படித்தபோது எனக்கு அந்தக் கணக்கர்தான் நினைவுக்கு வந்தார். எங்கள் மையத்தில் மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. கன்னத்துக்கான ஊசியைப் பற்றி அவரிடம் நான் பேசக்கூட இல்லை. பேசியிருந்தாலும் அதன் விலை அவருடைய பல மாதச் சம்பளத்தைத் தாண்டியிருக்கும்.

இப்போது என் மேசைக்கு எதிரே உட்காருபவர்கள் வேறு ஆட்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்டு வருவது ஹயலுரானிக் அமில ஃபில்லர். இது நம் உடம்பிலேயே இருக்கும் பொருள். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரிடம் ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது. அப்படியே ஊசியில் ஏற்றினால் சில நாட்களில் கரைந்துபோகும் என்பதால், அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கூழாக்கி அடைக்கிறார்கள். நீரைத் தன்பால் இழுத்துப் பிடிக்கும் தன்மையால் அது தோலை உள்ளிருந்து தாங்குகிறது. ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்திக் கரைத்துவிட முடியும் என்பது இதன் பெரிய அனுகூலம்.

ஊசிக்குழலை மேசையில் வைத்துக் காட்டும்போது எல்லோரும் ஒரே மாதிரி திகைக்கிறார்கள். ஒரு குழலில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லி லிட்டர்தான். இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் 5 மில்லி என்று கோடு போட்டிருக்குமே, அந்தக் கோட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு. "இவ்வளவு பணத்துக்கு இவ்வளவுதானா?" என்று அவர்கள் கேட்பது நியாயம். அந்தத் திகைப்பைச் சிகிச்சைக்கு முன்பே வரவழைத்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். இரு கன்னங்களுக்கும், கண்ணுக்குக் கீழும், மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புக்கும் சேர்த்து ஒரே குழல் போதும் என்று நினைத்துக்கொண்டு படுக்கையில் சாய்ந்தவர், எழுந்து கண்ணாடியைப் பார்க்கும்போது மருத்துவர் எவ்வளவு திறமையாகப் போட்டிருந்தாலும் ஏமாந்துதான் போவார்.

ஓர் ஆசிரியை, நாற்பத்தாறு வயது. சர்க்கரை நோய்க்காக நடந்து, உணவைக் குறைத்து, ஒன்றரை ஆண்டில் 18 கிலோ குறைத்தவர். உடம்பு இளைத்ததில் அவருக்குப் பெருமை. ஆனால் கண்ணுக்குக் கீழ் பள்ளம் விழுந்து, கன்னம் தொங்கி, பத்து வயது கூடிவிட்டது போன்ற தோற்றம் வந்துவிட்டது. "அழகாக்க வேண்டாம் மேடம். ஸ்டாஃப் ரூமுக்குள்ள நுழையும்போது, நைட் தூங்கலையான்னு ஒருத்தரும் கேக்காம இருந்தா போதும்" என்றார். இதைவிடத் தெளிவான கோரிக்கையை நான் கேட்டதில்லை. அதை அவருடைய சொற்களிலேயே கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். மருத்துவர் இரண்டு தடவையாக, நான்கு வார இடைவெளியில் சிறிது சிறிதாகப் போட்டார். ஆறாவது மாதம் நான் அழைத்தபோது அவர் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்களைப் பற்றியும், தம் மகனின் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றியும் பத்து நிமிடம் பேசிவிட்டு, "அதுவா, இப்ப யாரும் கேக்கறதில்ல" என்று கடைசியில் ஒரு வரி சொன்னார். முகத்தை மறந்துவிட்டு அன்றாடத்தில் மூழ்கிய அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் நிறைவு என்று எழுதிக்கொள்கிறேன்.

இந்த நிறைவை அளப்பது எப்படி என்பதில் மருத்துவ உலகம் நெடுங்காலம் மருத்துவரின் கண்ணையே நம்பியது. மடிப்பின் ஆழத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்டுச் சொல்லும் ஓர் அளவுகோலும், முன்பைவிட எவ்வளவு மேம்பட்டிருக்கிறது என்று ஐந்து படிகளில் சொல்லும் மற்றோர் அளவுகோலும் ஆய்வுகளில் வழக்கமாயின. 2003இல் ரோடா நாரின்ஸும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இவற்றைக் கொண்டுதான் நடந்தது. 138 பேரின் முகத்தில் ஒரு பக்க மடிப்பில் ரெஸ்டிலேன் என்ற ஹயலுரானிக் அமிலத்தையும், மறுபக்கத்தில் ஜைபிளாஸ்ட் என்ற, மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் புரதத்தையும் செலுத்தி, ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். மடிப்பு அளவுகோலின்படி 56.9 விழுக்காட்டினரிடம் ரெஸ்டிலேன் பக்கம் மேலாகவும், 9.5 விழுக்காட்டினரிடம் கொலாஜன் பக்கம் மேலாகவும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ரெஸ்டிலேனுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே முகத்தில் இரண்டையும் ஒப்பிட்டது மிகச் சிறந்த யோசனை என்றே நான் நினைக்கிறேன். வயது, வெயில், உணவு, தூக்கம் எல்லாமே இரு பக்கத்துக்கும் பொது அல்லவா? ஆனால் எந்தப் பொருள் மடிப்பை நன்றாக நிரப்புகிறது என்பதற்கு விடை தரும் அந்த முறை, அந்த முகத்தோடு வாழ்பவர் பள்ளிக்கூடத்துக்குள் தயங்காமல் நுழைகிறாரா என்பதற்கு விடை தராது.

அந்த இரண்டாவது கேள்விக்காக உருவானது ஃபேஸ்-கியூ என்ற வினாத்தொகுதி. ஆன் கிளாசன், ஆண்ட்ரியா பியூசிக், ஸ்டெஃபான் கானோ ஆகியோர் நோயாளிகளை நேரில் உட்கார வைத்துப் பேசி, அவர்கள் பயன்படுத்திய சொற்களிலிருந்தே கேள்விகளை அமைத்தார்கள். கன்னம், உதடு, கண்ணைச் சுற்றிய பகுதி என்று தனித்தனியாக நிறைவைக் கேட்பதோடு, மனநிலை, பிறரோடு பழகும் துணிவு, வயது எவ்வளவாகத் தெரிகிறது, முதல் சில நாட்களின் வலியும் வீக்கமும் எப்படி இருந்தன என்பவற்றையும் அது கேட்கிறது. விடைகள் பூச்சியம் முதல் நூறு வரையிலான மதிப்பாக மாறுகின்றன. சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அதே கேள்விகளைக் கேட்பதால், ஒருவர் எங்கிருந்து எங்கே வந்தார் என்று பார்க்க முடிகிறது. முன்பு நாற்பது என்றிருந்து பின்பு எழுபது என்று வந்தவரும், முன்பே எழுபதில் இருந்து அங்கேயே நிற்பவரும் பின்னால் ஒரே எண்ணைச் சொல்வார்கள். முதல் நாளில் கேட்காதவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எங்களிடம் அந்த வினாத்தொகுதி முறையாக இல்லை. நான் ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று நாட்களைக் குறித்து வைத்திருக்கிறேன்: மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், ஆறாம் மாதம். எந்த நாளில் கேட்கிறோம் என்பது விடையை எவ்வளவு மாற்றிவிடும் என்பதை அந்த நோட்டுதான் எனக்குக் கற்பித்தது.

உதட்டுக்குப் போட்டுக்கொண்டவர் மூன்றாம் நாளில் அழுவார். உதடு நீரை இழுத்து வீங்கியிருக்கும், ஓர் ஓரத்தில் ஊதா நிறத்தில் கன்றியிருக்கும். குளவி கொட்டியது போலிருக்கிறது என்பார்கள். பதினைந்தாம் நாளில் அதே பெண் சிரித்துக்கொண்டே பேசுவார். பாலி-எல்-லாக்டிக் அமிலம் போட்டுக்கொண்டவருக்கு இது தலைகீழ். அதை நீரில் கலந்து செலுத்துவதால் போட்ட அன்று கன்னம் நிறைந்து தெரியும், வீட்டார் பாராட்டுவார்கள். ஓரிரு நாளில் அந்த நீர் வடிந்து, கன்னம் பழைய நிலைக்குத் திரும்பும். "எல்லாம் கரைஞ்சு போச்சு மேடம், காச ஏமாத்திட்டீங்க" என்ற அழைப்பு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நிச்சயமாக வரும். உண்மையில் அந்தத் துகள்களைச் சுற்றி உடம்பு தானாகக் கொலாஜனை உருவாக்க வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. இரண்டு மூன்று தடவை போட வேண்டியும் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், ஐந்து நாட்களுக்குக் கன்னத்தை நீவிவிட வேண்டும் என்று நாங்கள் சொல்வதை, கட்டி தட்டாமல் இருக்கச் செய்யும் வேலை என்று விளக்குகிறேன். நீவிவிடும் அந்த ஐந்து நாட்களும் அவர்களை இந்தக் காத்திருப்புக்குப் பழக்குகின்றன என்பது என் சொந்த எண்ணம். நான்காம் நாளில் என்ன தெரியும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அந்த அழைப்பு கோபமாக வருவது குறைந்துவிட்டது. "நீங்க எழுதிக் குடுத்த மாதிரியே ஆயிடுச்சு" என்றுதான் இப்போது சொல்கிறார்கள்.

சீக்கிரமே கேட்டுப் பெறும் நிறைவு எவ்வளவு ஏமாற்றக் கூடியது என்பதற்கு இந்தத் துறையின் தொடக்கமே சாட்சி. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர் வாசலின் போன்ற பாரஃபின் பொருளை உடம்புக்குள் செலுத்திக் குறையை நிரப்பும் முறையைத் தொடங்கினார். அது விரைவிலேயே முகத்துக்கும் பரவியது. மடிந்த மூக்கு நிமிர்ந்தது, குழி மறைந்தது, போட்டுக்கொண்டவர்கள் மகிழ்ந்தார்கள். பிறகு அந்தப் பொருள் இடம் பெயர்ந்தது, கட்டியானது, சிலருக்குப் புண்ணாகி வெடித்தது. அந்த மக்களிடம் முதல் மாதத்தில் ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் எல்லோரும் "மிக்க நிறைவு" என்றே எழுதியிருப்பார்கள். சில இடங்களில் சிகிச்சை முடிந்து, மரத்துப்போன உதடு இன்னும் உணர்வு பெறாத நிலையில், வரவேற்பு மேசையில் கைப்பேசியை நீட்டி ஐந்து நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். அந்த நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம், அவை எத்தனையாவது நாளில் போடப்பட்டவை என்று கேட்கச் சொல்கிறேன்.

நிறைவில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. என் நோட்டில் அதிகப் பக்கங்களை அதுதான் எடுத்துக்கொண்டிருக்கிறது. "யாருமே கண்டுபிடிக்கலை" என்ற அதே வாக்கியத்தை ஒருவர் மகிழ்ச்சியாகவும் மற்றவர் வருத்தமாகவும் சொல்கிறார்கள். ஆசிரியைக்கு யாரும் கண்டுபிடிக்காததே வெற்றி. கணவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தம் பணத்தில் முதன்முறையாகத் தமக்கென்று செலவு செய்த ஓர் அம்மாவுக்கு, மகளும் மருமகனும் ஒரு வார்த்தை சொல்லாதது பெரிய ஏமாற்றம். இருவருக்கும் ஒரே மருத்துவர், ஒரே பொருள், ஏறத்தாழ ஒரே அளவு. புகைப்படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த அம்மாவின் முகத்தில்தான் மாற்றம் கூடுதலாகத் தெரிகிறது. அவர் மாற்றத்தை விரும்பினார். மாற்றத்தை யாராவது சொல்ல வேண்டும் என்பதை அதைவிட அதிகமாக விரும்பினார். இதை நான் முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, "இதை யாராவது கவனிக்கணும்னு நினைக்கிறீங்களா, கவனிக்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்களா?" என்பது என் முதல் கேள்வியாகிவிட்டது. பலர் அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்வதில்லை. தண்ணீர் கேட்பார்கள், கைப்பையைத் திறந்து மூடுவார்கள். அவர்கள் யோசிப்பதற்கு நான் நேரம் கொடுக்கிறேன்.

நிறைவே அடைய முடியாதவர்களும் வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தம் உருவத்தில் இல்லாத குறையை இருப்பதாகவோ, கடுகளவு குறையை மலையளவாகவோ கண்டு, கண்ணாடி முன் மணிக்கணக்கில் நின்று தவிப்பது ஒரு மனநோய். ஊசி அதற்கு மருந்தாகாது. கைப்பேசி வடிகட்டி போட்ட தம் படத்தையே கொண்டுவந்து, "இந்த மாதிரி ஆக்குங்க" என்ற ஓர் இளம்பெண், தம் இடது கன்னத்தில் ஒரு பள்ளம் இருப்பதாகக் காட்டினார். மருத்துவரும் நானும் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தோம். எங்கள் இருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. ஏற்கெனவே வேறு இடங்களில் மூன்று தடவை போட்டிருந்தார். எங்கள் மருத்துவர் மறுத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனார். மறுத்ததற்காக எந்த நிறைவுப் படிவத்திலும் எங்களுக்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் அந்த மாதம் எங்கள் மருத்துவமனை செய்த மிகச் சரியான வேலை அதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆபத்தைச் சொல்லாமல் நிறைவைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. கன்றிப்போதல், வீக்கம் ஆகியவை வந்து போகும். கண்ணுக்குக் கீழ் தோலின் மேல்மட்டத்திலேயே போட்டுவிட்டால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். மாதங்கள் கழித்துக் கட்டி தோன்றுவதும் உண்டு. ஆனால் ஊசி முனை ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் நிலைமை வேறு: அந்த இடத்துத் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை மருத்துவ இதழ்களில் பதிவான 98 பார்வைப் பாதிப்புகளை ஆராய்ந்தது. புருவ நடுவும் மூக்கும்தான் அதில் அதிக ஆபத்தான இடங்கள். ஏறத்தாழ பாதி நிகழ்வுகள் நோயாளியின் சொந்தக் கொழுப்பை எடுத்துச் செலுத்தியதால் வந்தவை. போடும்போதோ போட்ட பின்போ கடும் வலி, தோல் வெளிறுதல், வலைபோல் நீலத் திட்டுகள், கண் மங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும், மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே மருத்துவரிடம் போக வேண்டும். ஹயலுரானிடேஸ் கையிருப்பில் இல்லாத இடத்தில் ஹயலுரானிக் அமில ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசிக்குழலின் பெட்டியில் தொகுதி எண் அச்சிட்ட சிறு ஒட்டுச்சீட்டு இருக்கும். அதைக் கேட்டு வாங்கி உங்கள் கோப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். அழகு நிலையம் ஒன்றில் போட்டுக்கொண்டு, மூக்கோரத்தில் கட்டிகளோடு எங்களிடம் வந்த ஒருவரால் உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று சொல்லவே முடியவில்லை. கரைப்பதா, வெட்டி எடுப்பதா என்று தீர்மானிக்க எங்கள் மருத்துவருக்கு ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் 2013இல் புரூஸ் கியோ தலைமையிலான அரசு ஆய்வுக் குழு, இத்தகைய ஊசிகளைப் போட்டுக்கொள்பவருக்கு, பந்துமுனைப் பேனாவோ பல் தூரிகையோ வாங்குபவருக்கு இருப்பதைவிடக் கூடுதல் பாதுகாப்பு ஏதும் இல்லை என்று எழுதியது. அங்கே பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவதை 2021 அக்டோபர் 1 முதல் சட்டம் தடுக்கிறது. நம் ஊரிலும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு மகளை அழைத்துவரும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் பேசும் நேரம் மற்ற எல்லோரிடமும் பேசுவதைவிட நீளமானது.

சென்ற மாதம், மருந்து மையத்துக் காலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். ஸ்டாவுடினை நிறுத்திப் பல ஆண்டுகளாகிவிட்டன. இப்போது ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. கன்னத்துக் குழி மட்டும் போகவில்லை. மகள் வேலைக்குப் போய் முதல் ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்திருக்கிறாள். முதல் தடவை பாலி-எல்-லாக்டிக் அமிலம் போட்டாயிற்று. நான்காம் நாளில் நானே முந்திக்கொண்டு அழைத்தேன். "வத்திப் போச்சு மேடம், நீங்க சொன்ன மாதிரியே" என்று நிதானமாகச் சொன்னார், ஐந்து முறை நீவிவிடுவதை மகள் கடிகாரம் பார்த்து நினைவூட்டுவதாகவும் சொன்னார். இரண்டாம் தடவை இன்னும் மூன்று வாரத்தில். அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில், அவர் கேட்டது இதுதான் என்று எழுதி வைத்திருக்கிறேன்: "மாப்பிள்ளை வீட்டார் வரும்போது அப்பாவுக்கு என்ன நோய் என்று என் மகளிடம் கேட்கக் கூடாது."